உணவிலும் நீரிலும் நுண்ணுயிர்கொல்லி: அளந்தறியும் வழி எம் மண்ணிலேயே உண்டு

கடந்த நூற்றாண்டில் மனித ஆயுளை நீடித்த கண்டுபிடிப்புகளுள் நுண்ணுயிர்கொல்லிகளுக்குத் தனியிடம் உண்டு. மருந்தகங்களில் அன்டிபயோட்டிக் என்று கேட்டு வாங்கப்படும் இம்மருந்துகளின் முன்னோடியான பெனிசிலினை 1928ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங் இனங்கண்டார். அவரே 1945ஆம் ஆண்டில் நோபல் பரிசினைப் பெற்றுக்கொண்டு ஆற்றிய உரையில், இம்மருந்தினைப் போதாத அளவில் உட்கொள்வதன் மூலம் கிருமிகளை அதற்குப் பழக்கப்படுத்திவிடும் ஆபத்து உள்ளது என எச்சரித்தார். அந்த எச்சரிக்கை இன்று மெய்யாகியுள்ளது. மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளால் 2019ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக உயிரிழந்ததாக 2022ஆம் ஆண்டில் வெளியான விரிவான ஆய்வொன்று மதிப்பிட்டது. இந்நிலை தொடருமாயின் 2025 தொடக்கம் 2050 வரையான காலப்பகுதியில் 3 கோடியே 90 இலட்சம் பேர் இவ்வாறு உயிரிழக்க நேரிடும் என்பது 2024ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு மதிப்பீடாகும்.

இது வைத்தியசாலைகளுக்கும் மருந்தகங்களுக்கும் மாத்திரமே உரிய பிரச்சினை என்று கருதுவோர் உளர். உண்மை அதுவன்று. மனிதருக்கு அளிக்கப்படும் அதே மருந்து வகைகள் மாட்டுக்கும் கோழிக்கும் இறாலுக்கும் வளர்ப்பு மீனுக்கும் அளிக்கப்படுகின்றன. விலங்கின் உடலுக்குள் சென்ற மருந்தில் ஒரு பகுதி மாற்றமெதுவுமின்றிச் சாணத்துடனும் சிறுநீருடனும் வெளியேறி மண்ணையும் நீரையும் அடைகின்றது. எஞ்சியது சில நாட்களுக்குப் பாலிலும் இறைச்சியிலும் முட்டையிலும் தங்குகின்றது. இவ்விரு வழிகளிலும் கிருமிகள் மிகச் சிறிய அளவு மருந்துடன் பழகும் வாய்ப்பைப் பெறுகின்றன. பிளெமிங் அஞ்சியதும் இதனையே.

வந்தாறுமூலையில் நின்று நோக்குவோமாயின் இவ்விடயம் எமக்கு எத்துணை நெருக்கமானது என்பது புலனாகும். கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள இவ்வூரைச் சூழ வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் பரந்துள்ளன. செங்கலடி, சித்தாண்டி, கிரான், ஏறாவூர், ஓட்டமாவடி எனத் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள் இந்த நிலத்தையும் நீரையும் பகிர்ந்து வாழ்கின்றன. தெற்கே ஏறத்தாழ 56 கிலோ மீற்றர் நீளத்துக்குப் பரந்து கிடக்கும் மட்டக்களப்பு வாவி, பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றிலும் கடலைச் சந்திக்கின்றது. ஓர் ஊரவர் கறந்த பாலை இன்னோர் ஊரவர் தயிராக்கி விற்கின்றார். ஒருவர் வீசிய வலையில் அகப்பட்ட மீன் மற்றவரது சமையலறைக்குச் செல்கின்றது. ஆகவே நீரிலோ உணவிலோ கலக்கும் எதுவாயினும் அது ஒரு சமூகத்துடன் நின்றுவிடப் போவதில்லை.

உணவில் தங்கக்கூடிய மருந்தெச்சத்துக்குச் சர்வதேச ரீதியில் உச்ச வரம்புகள் விதிக்கப்பட்டுள்ளன. பாலில் டெட்ராசைக்கிளின் வகை மருந்துகள் லீற்றர் ஒன்றுக்கு 100 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது. அதாவது 10,000 லீற்றர் கொள்ளக்கூடிய பவுசர் ஒன்றில் ஒரு கிராம் கரைந்திருக்கும் அளவு இது. பென்சைல் பெனிசிலினுக்கான வரம்பு இன்னும் கடுமையானது. லீற்றருக்கு 4 மைக்கிரோகிராம். குளோரம்பெனிக்கோல் என்னும் மருந்து, அரிதாகவேனும் எலும்பு மச்சையைப் பாதித்து இரத்த உற்பத்தியையே நிறுத்திவிடக் கூடியது என்பதால், உணவுக்கென வளர்க்கப்படும் விலங்குகளில் அதன் பாவனை பல நாடுகளில் முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளது. 2001, 2002ஆம் ஆண்டுகளில் ஆசிய நாடுகள் சிலவற்றின் இறாலில் இம்மருந்தும் நைற்றோபியூரன் வகை மருந்துகளும் கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து ஐரோப்பிய ஒன்றியம் கடும் கட்டுப்பாடுகளை விதித்தது. 2022ஆம் ஆண்டின் இறுதி முதல் அங்கு நடைமுறையிலுள்ள விதிப்படி, ஒரு கிலோகிராம் உணவில் 0.15 மைக்கிரோகிராம் குளோரம்பெனிக்கோல் இருந்தாலே நடவடிக்கை எடுக்கப்படும். இது 6,600 தொன் உணவில் ஒரு கிராமுக்கும் குறைவான அளவு என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

மருந்தெச்சத்தை எமது தயிர் உற்பத்தியாளர்கள் விஞ்ஞானத்தின் துணையின்றியே சந்தித்திருக்கக் கூடும். மடியழற்சி கண்ட பசுவுக்கு ஊசி ஏற்றிய பின்னர் உரிய நாட்கள் கழியுமுன் கறந்த பால் சட்டியில் உறையாமற் போவதுண்டு. பாலில் எஞ்சிய மருந்து, தயிரை உறையச் செய்யும் நல்ல நுண்ணுயிர்களையும் கொன்றுவிடுவதே அதற்கான காரணமாகும். பால் ஆய்வுகூடங்கள் இதே தத்துவத்தைக் கொண்டே பரிசோதனைகளை நடத்துகின்றன. மருந்துக்கு எளிதில் மடியும் நுண்ணுயிர் ஒன்றைப் பாலில் இட்டு, அது வளர்கின்றதா இல்லையா என்று சில மணி நேரம் காத்திருந்து பார்ப்பார்கள். எனினும் இம்முறை எந்த மருந்து எவ்வளவு உள்ளது என்பதைத் துல்லியமாகக் கூறாது. அதனைக் கூறவல்ல திரவ நிறப்பகுப்பு, திணிவு நிறமாலை ஆகிய கருவிகளோ கோடிக்கணக்கில் விலை பெறுவன. அவற்றை இயக்குவதற்குப் பயிற்சி பெற்றோரும் தூய இரசாயனங்களும் இடையறாத மின்சாரமும் தேவை. மாதிரியைக் குளிரூட்டிய பெட்டியில் இட்டுத் தலைநகருக்கு அனுப்பி, முடிவு வரும் வரை காத்திருப்பதற்குள் பால் விற்கப்பட்டுவிடும். குளத்து இறாலும் அறுவடையாகிவிடும்.

இத்தகைய தாமதத்தின் வெற்றிடத்தில் வதந்தி புகுந்துகொள்கின்றது. இன்ன சந்தைக் கோழியில் மருந்து உண்டு, இன்ன கரை மீனை உண்ணாதீர் என்ற பேச்சு எழுமாயின் அதனை மெய்யென்று நிறுவவும் வழியில்லை, பொய்யென்று மறுக்கவும் வழியில்லை. உழைத்துப் பிழைக்கும் சிறு வியாபாரி ஒருவரது வருமானம் ஒரே வாரத்தில் வீழ்ந்துவிடக் கூடும். இரு சமூகங்கள் கலந்து வாழும் பிரதேசத்தில் இத்தகைய ஐயம் வியாபாரத்துடன் மாத்திரம் நின்றுவிடுவதில்லை என்பதை நாம் விரித்துரைக்கத் தேவையில்லை. அவ்விடத்திலேயே, சில நிமிடங்களில், சில நூறு ரூபா செலவில் அளந்து கூறக்கூடிய கருவியொன்று இருக்குமாயின் குற்றமிழைப்பவர் தப்ப முடியாது. குற்றமற்றவர் மீது பழி சுமத்தவும் முடியாது. மின்னிரசாயன உணரி என்னும் கருவி எமது கவனத்துக்குரியதாவது இதனாலேயே ஆகும்.

பெயர் புதிதாகத் தோன்றினும் கருவி புதிதன்று. நீரிழிவு நோயாளர் உள்ள வீடுகளில் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சிறு பட்டியொன்றில் வைத்து, சில விநாடிகளில் சீனியின் அளவை வாசிக்கின்றார்கள் அல்லவா? அதுவே உலகில் மிகப் பெருமளவில் பாவனையிலுள்ள மின்னிரசாயன உணரியாகும். 1962ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி லீலண்ட் கிளார்க் முன்வைத்த கருத்திலிருந்து அது வளர்ந்தது. அதற்கும் முன்னர், 1922ஆம் ஆண்டில், செக் நாட்டு விஞ்ஞானி யரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி, கரைசலொன்றின் மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றி அதில் பாயும் மின்னோட்டத்தை அளப்பதன் மூலம் கரைந்துள்ள பொருளை இனங்காண முடியும் எனக் காட்டி, 1959ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

இதன் தத்துவம் எளிமையானது. பட்டியில் மூன்று மின்வாய்கள் பதிக்கப்பட்டிருக்கும். ஒன்றின் மேற்பரப்பில் இரசாயன மாற்றம் நிகழும். மற்றொன்று மின்னழுத்தத்தை ஒப்பிடுவதற்கு உதவும். மூன்றாவது மின்சுற்றைப் பூர்த்தி செய்யும். ஒவ்வொரு மருந்து மூலக்கூறும் தனக்கென உரிய மின்னழுத்தத்தில் இலத்திரன்களை இழக்கும் அல்லது ஏற்கும். டெட்ராசைக்கிளின் இலத்திரன்களை இழந்து ஒட்சியேற்றம் அடைகின்றது. குளோரம்பெனிக்கோல், நைற்றோபியூரன் ஆகியன இலத்திரன்களை ஏற்றுத் தாழ்த்தப்படுகின்றன. எந்த மின்னழுத்தத்தில் மின்னோட்டம் உயர்கின்றது என்பது மருந்து எது என்பதையும், எவ்வளவு உயர்கின்றது என்பது அதன் அளவையும் தெரிவிக்கும். ஒத்த இயல்புடைய வேறு பொருட்கள் குழப்பம் விளைவிக்காதிருப்பதற்கு மின்வாயின் மேல் மெல்லிய படலம் ஒன்று இடப்படுகின்றது. தேடப்படும் மருந்து மூலக்கூறைச் சுற்றி பல்பகுதியம் ஒன்றை உறையச் செய்து, பின்னர் அம்மூலக்கூறைக் கழுவி அகற்றினால், பூட்டுக்கு ஏற்ற திறப்புப் போல அதே மருந்து மாத்திரம் பொருந்தக்கூடிய குழிகள் அப்படலத்தில் எஞ்சும்.

இத்துறையின் ஆய்வாளர்கள் அண்மைக் காலமாக எழுப்பும் வினா ஒன்று உண்டு. சூழலைக் காப்பதற்கென்று செய்யப்படும் கருவியே சூழலுக்குச் சுமையாகலாமா என்பதே அவ்வினா. வழக்கமான பட்டிகள் பிளாஸ்ரிக் அல்லது பீங்கான் தகட்டின் மேல் காபன், வெள்ளி, சில வேளைகளில் பொன், பிளாற்றினம் என்பன அச்சிடப்பட்டுத் தயாராகின்றன. ஒருமுறை பாவித்ததும் குப்பையில் எறியப்படுகின்றன. ஒவ்வொரு பால் சேகரிப்பு நிலையத்திலும் ஒவ்வொரு பண்ணையிலும் நாள்தோறும் சோதனை நடக்குமாயின் சேரும் கழிவு சிறிதாக இராது. அத்துடன் பட்டிகளை அந்நியச் செலாவணி கொடுத்து இறக்குமதி செய்யவேண்டிய நிலையில், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி போன்றதொரு காலம் மீண்டும் வந்தால் சோதனையே நின்றுவிடும். ஆகவே நிலைபேறான மூலப்பொருள் என்பது எமக்குச் சுற்றாடல் சார்ந்த விருப்பம் மாத்திரமன்றி, கையிருப்புச் சார்ந்த தேவையுமாகும்.

முதலில் பட்டியின் உடலை எடுத்துக்கொள்வோம். பிளாஸ்ரிக்குக்குப் பதிலாகக் காகிதத்தைப் பயன்படுத்த முடியும் என்பதை 2009ஆம் ஆண்டில் தாய்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் இணைந்து செய்து காட்டினர். காகிதத்தின் மேல் மெழுகினால் எல்லையிட்டுச் சூடாக்கினால், மெழுகு ஊறிய இடத்தை நீர் கடக்காது. எஞ்சிய ஒடுங்கிய பாதையில் துளி தானாகவே ஊர்ந்து மின்வாயைச் சென்றடையும். மேலங்கிகளில் சின்னம் அச்சிடும் அதே திரை அச்சு முறையில் காபன் மையைக் காகிதத்தில் அச்சிடலாம். காகிதம் எமது பிரதேசத்துக்கு அந்நியமானதன்று. 1950களில் நிறுவப்பட்ட வாழைச்சேனைக் காகித ஆலை எமது வயல்களின் வைக்கோலையே மூலப்பொருளாகக் கொண்டிருந்தது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

அடுத்தது மின்னைக் கடத்தும் காபன். எமது ஆலைகளில் மலைபோற் குவியும் உமியையும், தென்னந்தோட்டங்களின் சிரட்டையையும் காற்றுப் புகாத கலனில் உயர் வெப்பத்தில் கரியாக்கி, அரைத்து, மையாக்கலாம். சாதாரண அடுப்புக்கரி மின்னை நன்கு கடத்தாது. ஏறத்தாழ 700 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் உருவாகும் கரியே இதற்கு ஏற்றதாகும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தினர் 2018ஆம் ஆண்டில் லேசர்க் கதிரைப் பல தடவை செலுத்தி, காகிதம், பாண், சிரட்டை ஆகியவற்றின் மேற்பரப்பையே கிரபீன் என்னும் சிறந்த கடத்தியாக மாற்றிக் காட்டினர். சிரட்டைக் கரியிலிருந்து வடிகட்டிகளுக்கான உறிஞ்சற் கரியைச் செய்து உலகெங்கும் ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அத்துடன் போகலை, ககட்டகக ஆகிய சுரங்கங்களில் கிடைக்கும் இலங்கைக் காரீயம், பாறைப் பிளவுகளில் நரம்பு போற் படிந்த, மிகத் தூய வகையைச் சார்ந்தது. அது மீள வளராத கனிமமே எனினும், ஒரு பட்டிக்குத் தேவைப்படுவது மிகச் சிறிதளவே ஆகும். பென்சில் நுனியிலுள்ள காரீயத்தையே மின்வாயாகக் கொண்டு நுண்ணுயிர்கொல்லிகளை அளந்த ஆய்வுகளும் பல உள்ளன.

மூன்றாவது, கரித்துகள்களைப் பிணைத்து மருந்து மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் படலம். இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலுள்ள கைற்றினிலிருந்து பெறப்படும் கைற்றோசான் இதற்குப் பெரிதும் உகந்தது. மென் அமிலத்தில் கரைந்து மெல்லிய படலமாக உலரும் இப்பொருள், மண்ணில் சிதைந்து மறையக்கூடியது. ஆக, இறாலில் மருந்து உண்டா என்று பார்ப்பதற்கு இறாலின் ஓடே துணை வருகின்றது. கரையோரத்தில் அழுகி நாற்றமெடுக்கும் கழிவு ஒன்று பயனுள்ள பொருளாவதும் இதனூடாகக் கிட்டும் நன்மையாகும்.

எனினும் பசுமை, நிலைபேறு என்ற சொற்களைக் கேட்ட மாத்திரத்தில் மயங்கிவிடலாகாது. ஓட்டிலிருந்து கைற்றோசானைப் பெறுவதற்கு வலிமையான அமிலமும் காரமும் தேவை. அந்தக் கழிவுநீர் வாவிக்கே விடப்படுமாயின் நாம் ஒரு மாசினை அளப்பதற்கு இன்னொரு மாசினை உண்டாக்கியவர்களாவோம். கரியாக்கும் உலைக்கு எரிபொருள் வேண்டும். ஒப்பீட்டு மின்வாய்க்கு இன்றும் பெரும்பாலும் வெள்ளியே பயன்படுகின்றது. மேலும், உமி ஊருக்கு ஊர், போகத்துக்குப் போகம் வேறுபடும். அதன் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா என்பதால் அதனை அகற்றாது விட்டால் கடத்துதிறன் குன்றும். இன்று செய்த பட்டியும் அடுத்த மாதம் செய்யும் பட்டியும் ஒரே துளிக்கு ஒரே விடையைக் கூறாவிடின் அது அளவுகருவி ஆகாது. ஆகவே மூலப்பொருள் மலிவானது என்பதுடன் திருப்தியடையாது, அது தோன்றுவது முதல் எறியப்படுவது வரையான முழுக் கணக்கையும் பார்த்தே பசுமை என்னும் பட்டத்தை வழங்கவேண்டும்.

இதனிலும் கடினமான பரீட்சை ஒன்று உண்டு. ஆய்வுகூடத்தில் தூய நீரில் மருந்தைக் கரைத்து அளப்பது எளிது. பாலில் உள்ள புரதமும் கொழுப்பும் மின்வாயின் மேல் படிந்து அதனை மூடிவிடும். வாவி நீரோ பருவத்துக்குப் பருவம் மாறுவது. வடகீழ்ப் பருவமழையில் ஆற்று வெள்ளம் பெருகி முகத்துவாரம் திறக்கும்போதும், வரட்சியில் நீர் வற்றும்போதும் உப்பின் அளவு பெரிதும் வேறுபடும். உப்பு மாறினால் மின்னோட்டமும் மாறும். நைற்றோபியூரன் விலங்கின் உடலில் விரைவாகச் சிதைந்துவிடுவதால், இறைச்சியில் அதனை நேரடியாகத் தேடிப் பயனில்லை. தீனியிலும் குளத்து நீரிலுமே தேடலாம், அல்லது அதன் சிதைவுப் பொருட்களைத் தேடவேண்டும். வேறெங்கோ நன்கு இயங்கிய பட்டியை வாங்கிவந்து எமது வாவியில் நனைத்தால் உண்மை கிடைத்துவிடும் என்று எண்ணுவது தவறென்பதை இவை உணர்த்துகின்றன. எமது நீரில், எமது பாலில், மாரியிலும் கோடையிலும் சோதித்துச் செப்பஞ் செய்யப்பட்ட கருவியே எமக்குப் பயன்படும்.

அத்துடன், பட்டி கூறுவது முதற்கட்ட எச்சரிக்கை மாத்திரமே என்பதையும் தெளிவாக்க விரும்புகின்றோம். ஐயத்துக்குரிய மாதிரியை மாத்திரம் பெரிய ஆய்வுகூடத்துக்கு அனுப்பி உறுதி செய்தல் வேண்டும். ஆயிரம் மாதிரிகளை அனுப்புவதற்குப் பதிலாகப் பத்தை அனுப்பினாற் போதும் என்ற நிலை ஏற்படுவதே இதன் பேருதவியாகும். பட்டியின் ஒரு வாசிப்பை மாத்திரம் கொண்டு எவரது வியாபாரத்தையும் முடக்குதல் நியாயமாகாது.

இப்பணியை ஆற்றுவதற்குரிய இடம் எது? பாக்கு நீரிணையின் மறுகரையில் காரைக்குடி என்னும் சிற்றூருக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலத்தையும் 15 இலட்சம் ரூபாவையும் வழங்கியதால், 1948ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டு 1953ஆம் ஆண்டில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறந்துவைக்கப்பட்டது. பெருநகருக்கு வெளியே, வரண்ட நிலத்திலும் உயர்ந்த மின்னிரசாயன ஆய்வு வேரூன்ற முடியும் என்பதற்கு அது சான்றாகும். வந்தாறுமூலையில் 1981ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986ஆம் ஆண்டில் முழுப் பல்கலைக்கழகமாகிய கிழக்குப் பல்கலைக்கழகம், விஞ்ஞானம், விவசாயம் ஆகிய இரு துறைகளையே தனது தொடக்கமாகக் கொண்டது. பின்னர் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடமும் அதனுடன் சேர்ந்தது. மின்வாயைச் செய்பவர், கால்நடையை அறிந்தவர், நோயாளியைக் காண்பவர் ஆகிய மூவரும் ஒரே நிறுவனத்தில் உள்ளனர். தெற்கே சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இயங்குகின்றது. வாவியின் இரு முனைகளுக்கும் அணித்தாகவுள்ள இவ்விரு பல்கலைக்கழகங்களும் கைகோத்து, வாவி நீரையும் சந்தைப் பாலையும் தொடர்ச்சியாக அளக்கும் திட்டமொன்றை வகுக்குமாயின் அது இரு சமூகங்களுக்கும் ஆற்றும் பொதுத் தொண்டாக அமையும்.

அவ்வாறு பெறப்படும் முடிவுகள் ஆங்கில ஆய்விதழ்களுடன் நின்றுவிடாது, தமிழிலும் வெளியிடப்படவேண்டும் என்பது எமது வேண்டுகோளாகும். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணியில் ஈடுபட்டது, விஞ்ஞானம் எமது மக்களின் மொழியில் பேசப்படவேண்டும் என்பதற்காகவே ஆகும். மருந்து ஏற்றிய மாட்டின் பாலை எத்தனை நாட்களுக்கு விற்கலாகாது என்பதைப் பால் கறப்பவர் அறியாதிருக்கும்வரை, எத்தகைய உணரியும் காலந் தாழ்த்தி வரும் செய்தியாகவே இருக்கும்.

இறுதியாக ஒன்று. வெப்பமானி காய்ச்சலைத் தணிப்பதில்லை. அதுபோன்றே உணரியும் மருந்தின் தவறான பாவனையைத் தானாகத் தடுத்துவிடாது. வைத்தியரின் சிட்டையின்றி நுண்ணுயிர்கொல்லிகளை விற்பது 2015ஆம் ஆண்டின் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபைச் சட்டத்தின் நோக்கத்துக்கு மாறானது. கால்நடை வைத்தியரின் ஆலோசனையின்றித் தீனியில் மருந்து கலப்பதும், தடிமனுக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் அமொக்சிசிலின் கேட்டு வாங்குவதும், காய்ச்சல் விட்டதும் மிகுதி மாத்திரைகளை அலுமாரியில் வைப்பதும் எமது கைகளிலேயே உள்ள தவறுகளாகும். பண்ணையாளர் தாமாகச் சோதித்து, மருந்தெச்சம் கண்ட பாலை விலக்கிக்கொள்வாராயின் அவரைத் தண்டிக்காது, அந்த இழப்பில் ஒரு பங்கையேனும் ஈடுசெய்யும் ஏற்பாடு வேண்டும். இல்லாவிடின் எவரும் உண்மையை அளக்க முன்வரமாட்டார்.

சத்திரசிகிச்சைக்கு உள்ளாகும் தாய்க்கும் நிமோனியா கண்ட குழந்தைக்கும் நாளை மருந்து வேலை செய்யுமா என்பதே இவை அனைத்தின் பின்னாலுள்ள கேள்வியாகும். அக்கேள்விக்கு விடை தேடும் கருவியின் உடல் எமது உமியிலும் சிரட்டையிலும் ஓட்டிலும் கிடக்கின்றது. அதற்கு உயிரூட்டும் அறிவு எமது பல்கலைக்கழகங்களில் உள்ளது. இவ்விரண்டையும் இணைப்பதற்குரிய நிதியையும் மனவுறுதியையும் வழங்கவேண்டிய பொறுப்பு அரசாங்கத்தையும் மாகாண நிர்வாகத்தையும் புலம்பெயர்ந்து வாழும் எம்மவரையும் சார்ந்ததாகும்.